இன்னொருக்கா, கண்ணு

பிரீத்திகா மறுபடியும் தப்பாகத்தான் தொட்டாள்.

திரையில் ஒரு மரத்தின் படம். அதன் கீழே எழுத்துகள் சிதறிக் கிடந்தன. ‘ம’வை விட்டுவிட்டு ‘ப’வை இழுத்துக்கொண்டு போய் முதல் கட்டத்தில் வைத்தாள். ‘பரம்’ என்று ஆனது. திரையின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் அணைந்தது.

பக்கத்தில் நின்றிருந்த கீதா மிச்சமிருந்த நட்சத்திரங்களை எண்ணினாள். சோமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை அது. உடைந்த பெஞ்சுகளை ஒழித்துவிட்டு, எழுத்துகள் குழம்பிப்போய்ப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்காகக் கொடுத்திருந்தார்கள். மூன்று கம்ப்யூட்டர், எழுத்துக் கூட்டச் சொல்லித்தரும் ஒரு சாஃப்ட்வேர், ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்த கீதா. மொத்த அறையும் அவ்வளவுதான்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் கரஸ்பாண்டென்ட் திருமூர்த்தி. அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது. பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண் அந்த நிமிடமே அவருக்குப் போய்விடும். கீதா நினைத்தாலும் அரை மதிப்பெண் கூட்டிப்போட முடியாது.

“இன்னும் மொதப் படியிலயே நிக்குதுங்களா?”

“மத்த புள்ளைங்கெல்லாம் தாண்டிட்டாங்க சார். இவளும் வந்துருவா. கொஞ்சம் டைம் குடுங்க.”

“ஜூன்ல இருந்து குடுத்துட்டுத்தானுங்களே இருக்கறோம் அம்மணி.” அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் மரியாதையாகப் பேசப் பேசத்தான் கீதாவுக்குப் பயம் கூடும். “இந்தப் புள்ளையோட அம்மா ரேடியோவுலயும் பாட ரெக்கார்டிங்குலயும் என்ன கணீர்னு பேசும், தெரியுங்களா? அது வயித்துல பொறந்துபோட்டு, ஒரு வார்த்தை கூட்டிப் படிக்க வர மாட்டேங்குது. அம்மா செத்த துக்கத்துல இருக்குதுன்னு நாங்களும் ரெண்டு வருசம் பொறுத்தாச்சு. இன்னிக்கும் தேறலைன்னா, அவங்கப்பாவை வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிருங்க. இந்த ரூமையும் பூட்டிப்போடலாம்.”

பூட்டினால் கீதாவின் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. இப்போதுதான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளும் பழையபடி கடைசி பெஞ்சுக்கே போய்த் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணின் ஒரு விரலில் எல்லாம் வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

கீதா முழங்காலிட்டு அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கினாள். “கண்ணு, நல்லாப் பாரு. ம... மரம். உதட்டை ஒட்டிச் சொல்றமில்ல? அது எங்க இருக்குது?”

பிரீத்திகாவின் விரல் நேராக ‘ம’வின் மேல் போய் நின்றது.

விரல் அங்கிருந்து நகர்ந்து ‘ப’வைத் தொட்டது.

சரியாகத் தொட்டால் மணியடிக்கும். தப்பானால் ஒரு பெண் குரல், ‘பரவால்ல கண்ணு, இன்னொருக்கா பாக்கலாம்’ என்று சொல்லும். அது வந்தாலே மற்ற பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போகும். பிரீத்திகா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த படத்துக்கும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. கடைசி நட்சத்திரமும் அணைந்தது.

“சொல்லிருங்க அம்மணி” என்றுவிட்டு திருமூர்த்தி படியேறிப் போய்விட்டார்.

சாயங்காலம் பிரீத்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாள் கீதா. பிள்ளையின் அப்பா ஸ்ரீனிவாஸ் தறிக்குடோனிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. வழக்கமான போர்டு இல்லை. கண்ணாடியில் கையால் எழுதிய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். பூக்கூடையோடு ஓடிவந்த ஒரு பெண், நின்றிருந்த பிரீத்திகாவைக் கேட்டாள்.

“ஏனுங் கண்ணு, இது எந்த ஊரு பஸ்ஸு?”

“சென்னிமலை தைப்பூசச் சிறப்புப் பேருந்துங்க” என்றாள் பிரீத்திகா.

அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. கீதா அப்படியே நின்றாள். அந்தத் தாளில் இருந்த ஒரு எழுத்தைக்கூட பிள்ளை விட்டுவிடவில்லை.

மிஸ் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் பிரீத்திகா சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“உனக்குப் படிக்க வருதா?”

தலை மெல்ல ஆடியது.

“எப்ப இருந்து?”

“தீவாளிக்கு முன்னாடியே வந்துருச்சுங் மிஸ்.”

கீதாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பிள்ளையின் தோளிரண்டையும் பிடித்து உலுக்கினாள். “அப்புறம் ஏன்டி தப்புத் தப்பாத் தொட்டே? ஸ்கூலை விட்டே அனுப்பறேன்னு சொல்றாங்க, காதுல விழுந்துச்சில்ல? ஒரே ஒருக்கா சரியாத் தொட்டா என்ன?”

பிரீத்திகாவின் கண்கள் நிரம்பி வழிந்தன.

“சரியாத் தொட்டா வெறும் மணிதான் அடிக்குதுங் மிஸ். தப்பாத் தொட்டாத்தான் எங்கம்மா பேசுது.”