தாழ்மையுடன் அண்ணி

மடிக்கணினியில் முதல் வரியைப் படித்ததுமே நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன அண்ணி இது? முனைவர் பட்டத்துக்குச் சேரப் போறீங்களா, காய்ச்சல்னு ரெண்டு நாள் லீவு கேக்குறீங்களா?"

அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்’ என்று தொடங்குவதில் என்ன குற்றம்? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி எழுதியேதான் காலம் தள்ளியிருக்கிறாள்.

நாத்தனாருக்கும் அதே கூடத்தில்தான் வேலை. வேலையில் இளையவள், வாயில் மூத்தவள்.

மாலைக்குள் கடிதத்தை அனுப்பியாக வேண்டும். குழாய்த் தண்ணீரை ஆராய்ந்தே பெயர் வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெறப் போகிறார். அதற்கு முன் கடைசியாக ஒரே ஒருவரைத்தான் ஆய்வு மாணவராக எடுப்பாராம். அந்த இடத்தின் மேல் அண்ணிக்கு எவ்வளவு ஆசை என்றால், அதை வாய்விட்டுச் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பேராசிரியருக்குக் கும்பிடு பிடிக்காது, செய்த வேலையைச் சொன்னால்தான் பிடிக்கும் என்றாள். தாழ்மை போயிற்று. தங்கள் கருணை போயிற்று. ‘என் கணவர் அளித்த ஊக்கத்தால்’ என்ற இடத்தில் ஒரு நிமிடம் நின்றாள். தன் அண்ணன் கொடுத்த ஊக்கமெல்லாம் குறட்டைதான் என்று சொல்லி, அதையும் அழித்தாள்.

நல்லவேளை, அவன் பிள்ளையை முடிவெட்டக் கூட்டிப் போயிருந்தான்.

அடுத்தது, பள்ளிக்கூடத்து விஷயம்.

எல்லோரும் குழாயைத் திறந்து, சற்று நேரம் ஓடவிட்டு, பிறகுதான் பரிசோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார்கள். பிள்ளைகள் என்ன ஓடவிட்டா குடிக்கிறார்கள் என்று ஒருநாள் அண்ணிக்குத் தோன்றியது. விடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், இரவெல்லாம் குழாயில் தேங்கி, திறந்த கையோடு வந்த முதல் தண்ணீரைப் பிடித்தாள். அதில் ஈயம் இருந்தது. பிறகு அந்தப் பள்ளியில் ஒரு குழாய் விடாமல் மாற்றினார்கள்.

கடிதத்தில் இதற்காக மேலாளரின் வழிகாட்டுதலுக்கு நன்றி இருந்தது. சக ஊழியர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி இருந்தது. ஜீப் ஓட்டியவருக்குக்கூட நன்றி இருந்தது. கண்டுபிடித்தவளை மட்டும் எங்கேயும் காணோம்.

பேசாமல் அந்த இடத்தை ஜீப் ஓட்டியவருக்கே கொடுத்துவிடலாமே என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுக் கணினியை அண்ணியின் பக்கம் தள்ளினாள்.

அண்ணி ‘நான்’ என்று அடித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சன்னலைப் பார்த்தாள்.

‘நான்தான் கண்டுபிடித்தேன்.’

காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது! இன்னொரு தடவை படித்தாள். அடுத்த வரி தானாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாத்தனார் நீட்டிய கையைத் தட்டிவிடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

முடித்து, அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபடி, அந்தப் பேராசிரியருக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டாள்.

நாத்தனார் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"நானும் அதுக்குத்தான் போட்டிருக்கேன் அண்ணி. நேத்தே அனுப்பியாச்சு."

அண்ணியின் விரல் அப்படியே நின்றது.

காலையில் இருந்த அண்ணியாக இருந்தால், நீ சின்னவள், நீயே போ என்று கணினியை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போயிருப்பாள். அதற்குப் பயந்துதான் இவளும் இத்தனை நேரம் மூச்சுவிடவில்லை போலிருக்கிறது.

அண்ணி பொத்தானை அழுத்தினாள். கடிதம் போய்விட்டது.

பிறகு நாத்தனாரின் தலையைத் தடவி, உண்மையான வருத்தத்தோடு சொன்னாள்.

"அடடா... அப்ப உனக்குக் கிடைக்காதேடி."