வியட்நாமுக்குக் கொடுத்துவிட்ட வேலை

பொன்னம்பலம் அண்ணை வியட்நாம் தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் காட்டினார். கனடாவில், றிச்மண்ட் ஹில்லில், சொந்த வீட்டு வரவேற்பறையில், கூரைக்குக் கீழே, கூம்புத் தொப்பி.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

"இது முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் சைக்கிள் ஓடின நாள்," என்றார்.

சுவரளவு ரிவியில் அவரும் மனைவி தவமலர் அக்காவும் வயல்வெளியில் ஹெல்மெற்றோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தெருமுனையில் பால் வாங்குவதற்கும் காரை எடுக்கிற மனிதர் இவர்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது.

அடுத்தது ஒரு கீரைத் தோட்டம். தோளில் தடி, தடியின் இரண்டு பக்கமும் பூவாளி, நடுவில் அண்ணை. பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். அதுவும் சுற்றுலாவில் ஒரு அங்கமாம், வழிகாட்டி பக்கத்தில் நின்று பழக்கினாராம். ஊரில், கோப்பாயில், புகையிலைக்குத் தண்ணீர் கட்டத் தகப்பன் கூப்பிட்டபோது வேலி பாய்ந்து ஓடிய மனிதர், இப்போது டொலர் கட்டிப் போய் அதே வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறார். விசர்!

எனக்கு இந்தப் படங்கள் ஒன்றும் வேண்டாம். ஒரேயொரு படம்தான் வேண்டும்.

எங்களுடைய ஆட்கள் யார் எங்கே பயணம் போனாலும் அவர் கையில் ஒரு பார்சலைத் திணிப்பது வழக்கம். மருந்து, மிளகாய்த்தூள், சீலை, ஏதோ ஒன்று. நான் பொன்னம்பலம் அண்ணையிடம் ஒரு விலாசத் துண்டைக் கொடுத்துவிட்டேன்.

அது ஒரு புத்த கோயிலின் விலாசம். என் தம்பி பிரதாபனின் சாம்பல் அங்கே ஒரு மண்பானையில் இருந்தது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரன் அவனை வியட்நாமில் ஓர் அறைக்குள் போட்டு வைத்திருந்தான். நாலு வருடத்துக்கு முன் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். கோயில்காரர்தான் எரித்தார்கள். புத்தரோடு எங்களுக்கு இருக்கிற கொழுவல் போதாதென்று, அவன் அவருடைய காலடியிலேயே போய்க் கிடந்தான்.

நான் என் கடமையில் குறை வைக்கவில்லை. வருடா வருடம் திவசம் செய்கிறேன். ஐம்பது பேர் வந்து சாப்பிடுகிறார்கள். சாம்பல் மட்டும் கடலைக் காணவில்லை.

"பானையை எடுத்துக் கடலிலை கரைச்சு விடுங்கோ அண்ணை, ஒரு படமும் எடுங்கோ," என்று கேட்டிருந்தேன். ஓம், ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டுதான் போனார். வந்து பத்து நாளாகிறது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரிவியில் கடல் வந்தது. நான் கதிரையின் நுனிக்கு வந்தேன்.

கயாக் வள்ளத்தில் பொன்னம்பலம் அண்ணை. செம்மஞ்சள் மிதவைச் சட்டைக்குள் வயிறு அடங்கவில்லை. துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. அதே கடலில் பதினேழு படம். பாறை, குகை, பிறகு இன்னொரு பாறை. பானை இல்லை.

பிறகு சமையல் வகுப்பு. சொந்தக் குசினியில் ஒரு தேத்தண்ணி போட்டறியாதவர் அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு றோல்ஸ் சுற்றினார். அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அதையும் பிறேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

படம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பினேன்.

"பதினாலு நாள் சைக்கிள் ஓடினியள், வள்ளம் வலிச்சியள், றோல்ஸ் சுத்தினியள். என்ரை தம்பிக்கு மட்டும் அரை நாள் கிடைக்கேல்லை, என்ன? சீ! நீங்களும் ஒரு மனிசரோ?"

என் மனைவி கமலாம்பிகை கையைப் பிடித்து இழுத்தாள். தவமலர் அக்கா பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். நன்றாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு திருப்தி.

பொன்னம்பலம் அண்ணை கோபிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"போனனான் ராசா. கூட்டத்தை விட்டிட்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸிலை போனனான். பானை அங்கை இல்லை. போன வருசமே அவை தாங்களாக் கடலிலை கரைச்சுப் போட்டினம். உனக்கு இதை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் பத்து நாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொந்தக்காரர் ஆரும் வாங்கோ எண்டு உனக்கு மூண்டு கடிதம் போட்டவையாம். கடிதத்தின்ரை பிரதியைக் காட்டினவை. உன்ரை விலாசம்தான். ஒண்டும் வந்து சேரேல்லைத்தானே?"

மூன்றும் வந்தன.

முதலாவது வந்தபோது, வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை. இரண்டாவது வந்த கிழமை நாங்கள் குடும்பமாக விடுமுறைக்குக் கியூபாவுக்குப் போனோம். மூன்றாவதை நான் உடைக்கவேயில்லை. கமலாம்பிகைக்கு ஒன்றையும் காட்டவில்லை.

"இல்லை அண்ணை," என்றேன். "ஒண்டும் வரேல்லை."

"எனக்குத் தெரியும்." அவர் என் முதுகைத் தடவினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "இவருக்குத் தம்பியிலை பாசமில்லையோ எண்டு அந்தப் பிக்கு கேட்டவர். எனக்கு வந்த கோவம்! கடிதம் கிடைச்சிருந்தா அடுத்த பிளேனிலையே வந்து நிண்டிருப்பான் எண்டு, அவையின்ரை சாமிக்கு முன்னாலை சத்தியம் பண்ணிப்போட்டு வந்தனான்."