கடல் பக்க யன்னல்

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து சேர வேண்டியவன். மருமகன் றுமைஸின் கொம்பியூட்டர் வேலைக்கென்றே அன்ஸார் மேல்மாடியில் எழுப்பியிருக்கும் அறையில் ஈரச் சீமெந்து மணக்கிறது. கடல் பக்க யன்னலை மேசன் கல் வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு கல் ஏறும்போதும் தரையில் கிடக்கும் வெயில் சுருங்குகிறது. மிஞ்சிய இடைவெளியில், துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட கப்பலொன்று நகராததுபோல நகர்கிறது. “உப்புக்காத்து கொம்பியூட்டருக்குக் கூடாதாமே, அதான் அடைக்கச் சொன்னனான்” என்கிறார் அன்ஸார், முகமெல்லாம் சிரிப்பாக. “எங்க இருந்தும் வேல செய்யலாமெண்டு நீங்க சொன்ன நேரமே எனக்கு மனசு நிறைஞ்சி போச்சு, மகன்.” கண்டி என்று சொல்ல றுமைஸ் வாயெடுக்கிறான். அங்கே குடிபோக அவனும் அன்ஸாரின் மகள் றுஷ்தாவுமாகத் தெரிவுசெய்து வைத்த வாடகை வீட்டின் படம் அவளின் போனில் இருக்கிறது. அவள் போனைக் கவிழ்த்து நெஞ்சோடு பிடித்தபடி தகப்பனின் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “றூம் நல்லமா, மகன்?” “ஓம் மாமா.” மேசன் திரும்பிப் பாராமலே பின்னால் கையை நீட்டுகிறார். கல்லுக்குப் பக்கத்தில் நிற்பவன் றுமைஸ்தான். குனிந்து, கடைசிக் கல்லை அவனே தூக்கிக் கொடுக்கிறான்.