முப்பத்தேழும் பத்தும்

இருவரும் நிரப்பித் தந்த கேள்விப் படிவங்களின் முடிவு வந்ததும், குழந்தைகள் நல ஆலோசகர் கணினித் திரையை அம்மாவும் மகளும் பார்க்கும்படி திருப்பினார்.

"நீலப் பட்டை உண்மையான வயசு. சிவப்புப் பட்டை மனசோட வயசு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல இருந்தா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கலாம்னு எழுதிடுவேன்."

"இல்லேன்னா?" என்று கேட்டாள் மகள்.

"கொஞ்ச நாள் நீ விடுதியில இருக்கணும்மா."

மேசைக்கு அடியில் இருவரின் கைகளும் கோத்திருந்தன.

முதலில் மகளின் வரைபடம் வந்தது. நீலம் பத்து, சிவப்பு முப்பத்தேழு. அடுத்து அம்மாவின் வரைபடம். நீலம் முப்பத்தேழு, சிவப்பு பத்து.

ஆலோசகரின் முகம் மாறியது. மகள் அவசரமாகச் சொன்னாள்:

"மேடம், படிவம் மாறிப்போச்சு. அம்மாவோடதுல நான் எழுதிட்டேன், என்னோடதுல அம்மா எழுதிட்டாங்க."

ஆலோசகர் சிரித்துவிட்டார். "நல்ல ஆளுங்கதான் போங்க. ஒரு நிமிஷம் நானே பயந்துட்டேன். பேரை மட்டும் மாத்திடறேன்."

பேனாவை எடுத்துக்கொண்டு படிவங்களைப் புரட்டியவர், கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டார். 'பயமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?'

அம்மாவின் படிவத்தில் இருந்த பதில்: 'மகளைக் கூப்பிடுவேன்.'

மகளின் படிவத்தில்: 'வெளியில காட்டிக்க மாட்டேன். அம்மா பயந்துடுவாங்க.'

ஆலோசகர் பேனாவை மெதுவாக மூடினார்.

அம்மா மகளின் காதருகே குனிந்து கேட்டாள்: "நாம வீட்டுக்குப் போகலாம்தானே?"