சட்டைப் பித்தான்

மனநல மருத்துவர் அந்த ஊருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அதற்காகவே பவுனம்மாள் தம்பி ஞானசேகரைக் குளிப்பாட்டி, தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுவிட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

“நேத்துக்கூடக் கெணத்துல குதிக்கப் போயிட்டான், சார்.”

மருத்துவர் சட்டையைப் பார்த்தார். “ஆளு நல்லாத்தானேம்மா இருக்காரு? அடுத்த ஆள் வாங்க.”

வெளியே வந்ததும் அவள் ஆத்திரத்தில் அந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான்கள் தெறித்தன. ஞானசேகர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஒன்று மருத்துவரின் ஜீப்புக்கு அடியில் உருண்டுவிட்டது. எடுக்க நுழைந்தவன் அங்கேயே மல்லாந்து படுத்துக்கொண்டான். மருத்துவர் வந்து வண்டியில் ஏறிய பிறகும் வெளியே வரவில்லை.

“யாரும்மா இவன், பைத்தியமா?” என்று டிரைவர் கத்தினார்.

“இல்லப்பா, நல்லாத்தான் இருக்கான். உள்ள உக்காந்திருக்காரே, அவரக் கேளு” என்று சொல்லிவிட்டு, பவுனம்மாள் சக்கரத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.