விலை ஏறாத பாட்டில்

"சிவப்பு மூடி பீர் ஒண்ணு கொடுங்க" என்று பால் பாக்கெட் கேட்கிற குரலில் கேட்டாள் அவள். கல்லாவில் இருந்த கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மத்தியான நேரம், மதுக்கடையில் வேறு ஆள் இல்லை.

"எனக்கில்லைங்க. வீட்டுக்காரருக்கு. வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரே, அவருக்குத்தான். இதைத் தவிர வேற எதையும் தொட மாட்டார். இன்னைக்கு அவர் பிறந்த நாள். நானே ஊத்திக் கொடுக்கலாம்னு ஒரு ஆசை."

"அட, நம்ம வெல்டர் வீட்டம்மாவா? உட்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஊத்திக் கொடுக்கிற ஆசை ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. போன வருஷம் இதே மனுஷனின் குடி தாங்காமல்தான் மகளை இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போனாள். மதுவுக்கு வரி ஏறிய கொஞ்ச நாளில் அவரே அங்கு வந்து நின்றார்.

"விலை கண்ணு மண்ணு தெரியாம ஏறிடுச்சு. மூணு பாட்டில் காசுக்கு இப்ப ஒண்ணுதான் வருது. அந்த ஒண்ணோட நிறுத்திட்டேன், மக மேல சத்தியம்" என்றார். அண்ணன் நம்பவில்லை. அவள் நம்பினாள், மகளோடு வீடு திரும்பினாள்.

நம்பியது வீண் போகவில்லை. சம்பாதித்ததை அவள் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கென்று பழைய மூன்று பாட்டில் காசை மட்டும் தினமும் வாங்கிக்கொண்டு போனார். ராத்திரி தள்ளாடாமல், வாய் குழறாமல் வந்து மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இன்று காலைதான் அண்ணனுக்குப் போன் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பூட்டி வைத்திருந்த அந்த அறையை வாடகைக்கு விட்டுவிடச் சொன்னாள்.

"யோசிச்சுக்கோம்மா. விட்டா விட்டதுதான்" என்றார் அண்ணன். "இனிமே எனக்கு எதுக்குண்ணா அது?" என்று சிரித்தாள்.

"வரி போட்ட மகராசன் நல்லா இருக்கணும். நான் அழுது கெஞ்சி நடக்காதது அவர் ஒரு கையெழுத்துல நடந்துடுச்சு" என்றாள் கடைக்காரரிடம்.

"நீங்க ஒருத்தர்தான்மா வாழ்த்துறீங்க. வர்றவன் எல்லாம், என்னமோ நான் ஏத்தின மாதிரி என்னைத் திட்டிட்டுப் போறான்."

அவள் அலமாரியைப் பார்த்தாள். எல்லா அட்டையிலும் பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை எழுதியிருந்தது. சிவப்பு மூடிக்கு மட்டும் அடித்தல் இல்லை.

"இதுக்கு விலை ஏறலையா?"

"இல்லைம்மா. அந்தக் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்."

அப்படியென்றால் மீதி இரண்டு பாட்டில் காசு தினமும் யார் வீட்டுக்குப் போகிறது? பட்டறைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவளின் முகம் வேண்டாத நேரத்தில் ஞாபகம் வந்தது. பெற்ற மகள் மேலேயே பொய்ச் சத்தியமா என்று நெஞ்சு எரிந்தது.

"மறைக்காம சொல்லுங்க. மீதிக் காசை அவர் என்ன பண்றார்? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். "மீதியா? ஏதும்மா மீதி? தினம் மூணு பாட்டில் வாங்கி, இதோ இங்கேயே நின்னு குடிச்சுட்டுத்தானே போறார்."

"பொய் சொல்லாதீங்க. மூணு குடிச்சா அவரால நிக்கவே முடியாது. பத்து வருஷம் தூக்கிப் படுக்க வெச்சவ நான், எனக்குத் தெரியாதா? இப்பல்லாம் நேரா நடந்து வர்றாரே."

கடைக்காரர் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றுவதை நிறுத்தினார். அவளுடைய முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"புது வரி வந்ததிலேருந்து, எவ்வளவு ஸ்ட்ராங்கோ அவ்வளவு வரிம்மா. அதான் விலையை ஏத்தாம, உள்ள போதையைப் பாதியாக்கிட்டாங்க" என்றார் மெதுவாக. "குறைச்சது உங்க வீட்டுக்காரர் இல்லைம்மா, கம்பெனிக்காரன்."