பெஞ்சுக்கு அடியில் ஒரு கழுகு

“பெட்டியை வெச்சவனுக்குப் பொறுப்பு வேணும். ஒளிச்சு வெச்சதோட கடமை முடிஞ்சுதுன்னு போய்ப் படுத்துக்கிட்டா எப்படி?”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செல்போனைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்துப் புகார் எழுதிக்கொண்டே வாய்விட்டும் திட்டினார்.

“எந்தப் பெட்டிங்க?” என்றாள் மனைவி.

“பூங்காப் பெட்டி. மூணு நாளாத் தேடறேன். அது அங்க இல்லவே இல்லை.”

“இல்லையா, இல்ல உங்க கண்ணுக்குப் படலையா? நேத்து சர்க்கரைன்னு நெனச்சு உப்பை அள்ளிப் போட்டுக் காபி குடிச்சீங்களே.”

“உப்பு தொண்டைக்கு நல்லது. தெரிஞ்சுதான் போட்டேன்.”

விளையாட்டு இதுதான். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்கேயாவது ஒளித்துவைத்து, இடத்தைச் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அக்கம்பக்கம் சந்தேகப்படாதபடி தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சீட்டில் பேரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளிருக்கும் பொருளை எடுத்தால் ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று செயலியில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் யாரும் செய்வதில்லை.

கடைக்காரருக்கு விளையாட்டில் ‘கழுகு’ என்று பேர். அவரே வைத்துக்கொண்டது. இதுவரை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பெட்டி, ஒன்றுகூடத் தப்பியதில்லை. சாவிக்கொத்து, பொம்மை என்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு, ‘இலவசக் கண் பரிசோதனை’ என்று தன் கடைக் கூப்பனைச் செருகிவிடுவார். பெட்டியில் விளம்பரம் வைக்கக் கூடாது என்று விதி உண்டு. அது மற்றவர்களுக்கு.

ஐந்நூறாவதைக் கொண்டாடக் கடை வாசலுக்குப் பலகைகூட எழுதி வந்துவிட்டது: ‘ஐந்நூறு பெட்டி. ஒன்றும் தப்பவில்லை. இந்தக் கண்ணை நம்பி உங்கள் கண்ணைக் கொடுங்கள்.’

சட்டென்று முடித்துவிடலாம் என்றுதான் பூங்காப் பெட்டியைப் பிடித்தார். ‘மிக மிக எளிது. வாசல் பக்கத்துப் பெஞ்சுக்கு அடியில்’ என்று போட்டிருந்தார், அதை வைத்த ‘ஆமை’ என்கிற ஆசாமி.

முதல் நாள் குனிந்து தேடினார். இரண்டாம் நாள் பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். தலைக்கு மேலே ஒரே பச்சைப் பெயின்ட் மூட்டம். வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயோடு வந்து நின்றார்.

“என்ன சார் தேடறீங்க?”

வெளியாளுக்கு விளையாட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. “சட்டைப் பொத்தான் விழுந்துடுச்சு.”

வாட்ச்மேன் சட்டையைப் பார்த்தார். பொத்தான் எல்லாம் ஆஜர். “என்ன கலர் சார்?”

“பச்சை.”

“வெள்ளைச் சட்டையில பச்சைப் பொத்தானா?”

“அதான் ஒட்டாம விழுந்துடுச்சு.”

வாட்ச்மேன் யோசித்துவிட்டு, “ஒரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடுங்களேன் சார். கிட்டத்துலதான் இருக்கும்” என்றார்.

“எனக்கெதுக்குக் கண்ணாடி? நான் ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடறவன்.”

மூன்றாம் நாளும் அதே பெஞ்ச், அதே மல்லாத்தல். முதுகில் புல் ஒட்டியதுதான் மிச்சம். வாசலைத் தாண்டும்போது, “பொத்தான் கிடைச்சுதா சார்?” என்று வாட்ச்மேன் கேட்டது வேறு எரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் இந்தப் புகார். ‘பெட்டி காணாமல் போய்ப் பல நாளாகிறது. ஆமை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்டவர்களை விளையாட்டை விட்டே நீக்க வேண்டும். – கழுகு.’ ஊரே படிக்கிற பக்கத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் அதற்குக் கீழேயே பதில் வந்திருந்தது. ‘கழுகு சொல்வது சரி. தப்பு என்னுடையது. எல்லோரும் மன்னிக்கவும். பெட்டியைச் சரிசெய்து வைத்துவிட்டேன். – ஆமை.’

“பார்த்தியா?” என்று போனை மனைவியிடம் நீட்டினார். “ஒப்புக்கிட்டான். என் கண்ணைச் சந்தேகப்பட்டியே.”

அவள் படித்தாள். “பாவம், நல்ல மனுஷனா இருக்காரு. நீங்க போயி சத்தம் போடாம எடுத்துட்டு வாங்க.”

பூங்காவில் ஆளே இல்லை. வாட்ச்மேன் மட்டும் தூரத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டார். தக்காளிச் சிவப்பில் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது பெட்டி. கழுகு என்ன, கட்டெறும்புக்கே தெரியும்.

எடுத்தார். விரலில் பெயின்ட் ஒட்டியது. ஈரம் காயாத அந்தச் சிவப்புக்கு அடியில், பெஞ்சின் அதே பச்சை.

உள்ளேயிருந்த சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். அவர் தேடிய மூன்று நாளும் வரிசையாகக் கையெழுத்து. முதல் நாள் இரண்டு பேர். இரண்டாம் நாள் நான்கு பேர். மூன்றாம் நாள் ஒருவர் குறிப்பே எழுதியிருந்தார்: ‘பெஞ்சுக்கு அடியில் யாரோ படுத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்து எடுத்தேன். இரண்டே விநாடி.’

கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

பெட்டியின் அடியில் மடித்த காகிதம் ஒன்று. பிரித்தார். எந்தப் பெட்டியிலோ அவர் செருகிய அதே ‘இலவசக் கண் பரிசோதனை’ கூப்பன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கை நீளம் போதவில்லை. செடி முள்ளில் குத்திவைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று படித்தார்:

‘இதை நீங்களே வெச்சுக்குங்க சார். நான் யார்கிட்டயும் சொல்லல. பொத்தான் கிடைச்சா கடைக்கே கொண்டுவந்து தரேன். – ஆமை.’